குடும்ப ஜெபத்தில் எபெனேசர் நோட்டு: எழுதுகிற விதமும் தவறுகிற இடமும்

பாளையங்கோட்டையிலிருந்து:

ஸ்தோத்திரம். கர்த்தர் செய்த நன்மைகளை எழுதுகிற எபெனேசர் நோட்டு ("இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சொல்லி சாமுவேல் நாட்டின கல்லின் பேர் எபெனேசர்) நம்ம பக்கம் பல வீட்டில் ஜனவரியில் தொடங்கும். பங்குனிக்குள் பீரோவுக்குள் போய்விடும். "கர்த்தர் ஆசீர்வதித்தார்" என்று மட்டும் எழுதினால் பத்து வருஷம் கழித்து வாசிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்? தேதி, அன்றைய நெருக்கடி, கையில் இருந்த பணம், யார் மூலம் உதவி வந்தது, பிடித்துக்கொண்ட வசனம், இவ்வளவும் வேண்டும். "மகளுக்கு காலேஜ் ஃபீஸ் 18,500. கையில் 4,000. கடைசி நாளுக்கு முந்தின நாள் நெல்லுப் பணம் வந்தது" என்று எழுதுங்கள். இடப்பக்கம் விண்ணப்பம், வலப்பக்கம் பதில். பதில் வராத பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும். அதைக் கிழித்துவிட்டால் மற்ற பக்கங்களையும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

சாத்தான்குளம் பக்கமிருந்து:

அண்ணாச்சி சொன்னது சரி. வாசிக்கிற முறையும் முக்கியம். யோசுவா 4-இல், யோர்தான் ஆறு ஓடாமல் நிற்க இஸ்ரவேலர் அதைக் கடந்தபோது, கோத்திரத்துக்கு ஒருவராக 12 பேர், ஆசாரியர்களின் கால் நின்ற நடு யோர்தானிலிருந்து ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்து வந்தார்கள். நாளைக்குப் பிள்ளைகள் "இது என்ன கல்?" என்று கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் அது. நம் வீடுகளில் பிள்ளை கேட்குமுன்பே பெரியவர்கள் அரைமணி நேரம் பேசிவிடுகிறோம். சனிக்கிழமை ராத்திரி ஜெபத்தில் பிள்ளையே ஒரு பக்கத்தைப் பிரித்து வாசிக்கட்டும், அதுவே கேட்கட்டும். பதில் ஐந்து நிமிஷம் போதும்.

அதோடு நிறுத்தவும் கூடாது. இஸ்ரவேலர் கரையேறினது முதலாம் மாதம் 10-ஆம் தேதி; பஸ்கா பண்டிகை 14-ஆம் தேதி. அதற்கு நடுவில் ஆண்களுக்கெல்லாம் விருத்தசேதனம் (நுனித்தோலை அறுத்து நீக்குவது). எதிரியின் பட்டணமான எரிகோ பக்கத்திலேயே இருக்க, காயம் ஆறுமட்டும் பாளயத்தில் கிடக்கவேண்டும். ஆறு நின்றது கண்ணிலேயே இருந்த நாளில் கர்த்தர் அந்தக் கீழ்ப்படிதலைக் கேட்டார். ஆகையால் பக்கத்தை வாசித்ததும், இந்த வாரம் செய்யவேண்டிய ஒரு காரியத்தைத் தேதி போட்டு அடியில் எழுதுங்கள்: கொடுக்காத கூலி பாக்கி, பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா வீடு.

மறுபடி பாளையங்கோட்டையிலிருந்து:

சபைக்கும் இதே முறைதான். கோவில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனத்துக்கு (சபையாருக்கான பொது விருந்துக்கு) எத்தனை மூட்டை அரிசி என்று கூடிக்கூடிப் பேசுகிறோம். சபை வந்த விதத்தைச் சொல்லப் பத்து நிமிஷம் ஒதுக்குவதில்லை. 1780-இல் பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பேர். அவர்களில் ஒருவரான மராத்திய பிராமண விதவை குளோரிந்தா அம்மாள் 1785-இல் கோவில் கட்டிமுடித்ததைச் சொல்கிறவர்கள், அவருக்கு ஜெர்மன் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்ததையும், 1778-இல்தான் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கிருபை அந்த இடத்தில்தான் தெரிகிறது. இன்னொரு எச்சரிப்பு: மோசே உண்டாக்கின வெண்கல சர்ப்பத்துக்கே ஜனங்கள் தூபங்காட்டினார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். கோவில் கோபுரத்தைப் பற்றி மட்டும் பெருமை பேசுகிற பண்டிகையும் அந்த வழியில்தான் போகும்.

ஏரலிலிருந்து:

ஜெல் பேனா வேண்டாம், பல ஜெல் மைகள் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், பால்பாயிண்ட் நல்லது. நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறதா? வெள்ளையடிக்கும்போது ஒரு முழ நீளத்துக்கு அதை அப்படியே விட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அப்போது பிறக்காத பிள்ளைகள் கேட்பார்கள்.