ஐந்து பேர் குடும்பத்துக்குப் பழைய செடான்: பார்த்த வண்டிகள், கேட்ட கதைகள்

திருச்சியிலிருந்து:

பட்ஜெட் ஆறு லட்சம். வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், அம்மா, இரண்டு பிள்ளைகள். ஊருக்குள் ஓட்டம்தான் அதிகம், அவ்வப்போது தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர், எப்போதாவது பழனி. புது வண்டி எடுத்து ஏழு வருஷம் தவணை கட்ட மனசில்லை. அதனால் பழைய செடான் (டிக்கி தனியாகப் பின்னால் நீளும் கார்) தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்ததைச் சொல்கிறேன். அனுபவப்பட்டவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

முதலில் பார்த்தது 2015 ஹோண்டா சிட்டி, பெட்ரோல். புரோக்கர் வாயைத் திறந்ததுமே, "டாக்டர் வண்டி சார், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் ஓடுச்சு" என்றார். தமிழ்நாட்டில் விற்பனைக்கு நிற்கிற பழைய கார்களை வைத்துக் கணக்குப் போட்டால் தெருவுக்கு நாலு டாக்டர் இருக்க வேண்டும். சரி, மீட்டரைப் பார்த்தேன்: 46 ஆயிரம். குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தேன். ரப்பரில் இருக்க வேண்டிய வரிகள் வலது ஓரத்தில் சுத்தமாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஸ்டியரிங்கில் புதுக் கவர். விரலை விட்டு ஒதுக்கினால் உள்ளே தோல் உரிந்து பளபளக்கிறது. டிரைவர் சீட்டில் ஏறி இறங்குகிற பக்கத்து ஓரம் அமுங்கிப் போய்க் கிடந்தது. டயர் நாலும் புதுசு, ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பத்து வருஷ வண்டிக்கு ரப்பர் வயசானாலே மாற்றத்தான் வேண்டும்.

தெரிந்த சர்வீஸ் அட்வைசர் ஒருவரிடம் நம்பரைக் கொடுத்துக் கேட்டேன். 2019-இலேயே 91 ஆயிரம் என்று பதிவாகியிருந்தது. புரோக்கரிடம் சொன்னால் அவருக்குக் கோபமே வரவில்லை. "அப்படியா சார், ஒரு நாப்பதாயிரம் குறைச்சுக்கலாம்" என்றார். அந்த என்ஜினுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் பெரிய விஷயமே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் நான் பேரம் பேசியிருப்பேன். மீட்டரைத் திருப்பியவர் வேறு எதையெல்லாம் மறைத்தாரோ என்ற எண்ணம் வந்துவிட்டதால் அதோடு விட்டுவிட்டேன்.

இன்னொன்று: அம்மாவுக்கு மூட்டு வலி. சிட்டியில் சீட் தாழ்வு. உட்காரும்போது பொத்தென்று விழுகிறார், எழுந்திருக்கக் கதவைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கிறது. செடான் பார்க்கப் போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் கையோடு கூட்டிப் போங்கள். டெஸ்ட் டிரைவில் அரை மணி நேரம் ஓட்டுவதைவிட அவர்களைப் பின்சீட்டில் ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்ப்பதில் நிறையத் தெரிந்துவிடும்.

அடுத்து 2022 டிசையர், ஒரு டீலரிடம். இதில் விலைதான் சிக்கல். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் அடங்கும் 1200 சிசி பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன்னால் 28 சதவீதம், மேலே செஸ் என்ற கூடுதல் வரி வேறு. புது டிசையர் விலை இறங்கிவிட்டது; பழசை விற்பவர்கள் மட்டும் தாங்கள் அன்று கொடுத்த விலையிலிருந்துதான் இன்றும் கழிக்கிறார்கள். போதாக்குறைக்கு அந்த டீலர், "இந்த ரேட்டுக்கு மேல ஜிஎஸ்டி 18 பர்சன்ட் தனி சார்" என்றார். பழைய காருக்கு 18 சதவீதம் என்பது 2025 ஜனவரியிலிருந்து உண்மைதான். ஆனால் அது டீலரின் லாபத்தின் மீதுதான், காரின் முழு விலை மீது அல்ல. சொந்தக்காரரிடமிருந்து நாம் நேரடியாக வாங்கினால் அதுவும் கிடையாது. இதைச் சொன்னதும் மேனேஜரிடம் கேட்டுவிட்டு வருவதாக உள்ளே போனார். காபி வந்தது, மேனேஜர் வரவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு 2017 சியாஸ், 1.4 பெட்ரோல். சொந்தக்காரரே விற்கிறார். காலை நீட்டி உட்கார இடம், 510 லிட்டர் டிக்கி, மாருதி என்பதால் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். 2025-இல் சியாஸை நிறுத்திவிட்டார்கள், அதனால் ரீசேல் அடிபடும் என்று பயமுறுத்துகிறார்கள். வாங்குகிற எனக்கு அது நல்லதுதானே? பானெட்டைத் திறந்து பார்த்தபோது இடது ஃபெண்டர் போல்ட்டுகளில் பெயிண்ட் பெயர்ந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே, "ஒரு ஆட்டோக்காரர் உரசிட்டுப் போயிட்டார், ஃபெண்டர் மாத்தினோம்" என்று பில்லை எடுத்துக் காட்டினார். ஃபெண்டர், பம்பர் எல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான், மாறினால் பரவாயில்லை. உள்ளே பாடியோடு சேர்ந்த சட்டமான ஏப்ரனும் பில்லரும் கம்பெனி வெல்டிங்கோடு அப்படியே இருந்தன. விலைதான் இன்னும் படியவில்லை.

இதற்கிடையில் 2016 எட்டியோஸ் டீசல் ஒன்று, வெள்ளை நிறம், விலை ஆச்சரியமாகக் குறைவு. பார்க்கப் போகலாமா?

மதுரையிலிருந்து:

தம்பி, வெள்ளை எட்டியோஸ், டீசல், விலை குறைவு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு டி போர்டாக (டாக்சியாக) ஓடி ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகத்துக்கு) மாறிய வண்டி. நான் டிராவல்ஸ் நடத்துகிறவன், இப்படி மாற்றி நானே விற்றிருக்கிறேன், வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்றேன். சொல்லாமல் விற்பவர்கள்தான் அதிகம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பின்னால் பாருங்கள், கூடுதல் ஓட்டை இருக்கும், சில சமயம் மஞ்சள் பெயிண்டே ஒட்டியிருக்கும். பக்கவாட்டிலும் பின் பம்பரிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிய இடம் மட்டும் நிறம் வித்தியாசமாகத் தெரியும், காலை வெயிலில் சாய்வாக நின்று பார்த்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கவர்னர் மாட்டிய தடம் என்ஜின் அறையில் இருக்கும்: வெட்டி ஒட்டிய வயர், ஆளில்லாத பிராக்கெட். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்சீட்டு. சொந்த வண்டியில் டிரைவர் சீட்டுதான் தேயும். டாக்சியில் பின்சீட்டின் இடது பக்கம் குழி விழும், இடது பின்கதவின் கைப்பிடி ஆட்டம் காணும். சவாரி அந்தப் பக்கம்தானே ஏறி இறங்கும்.

அதற்காக எட்டியோஸே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த 1.4 டீசல் என்ஜினை என் டிரைவர்கள் படுத்திய பாட்டுக்கு வேறு வண்டி என்றால் எப்போதோ உட்கார்ந்திருக்கும். ஆயில் மட்டும் நேரத்துக்கு மாற்றினால் போதும். டிக்கி 595 லிட்டர், ஐந்து பேர் பெட்டியும் பழனிக்குக் காவடியும் சேர்த்தே வைக்கலாம். சீட் கொஞ்சம் உயரம், உங்கள் அம்மாவுக்கு ஒத்துவரும். 2016-இல் குளோபல் என்கேப் விபத்துச் சோதனையில் நாலு ஸ்டார் வாங்கியது. 2020-இல் நிறுத்தினாலும் தெருவுக்குத் தெரு டாக்சியாக ஓடியதால் சாமான் பிரச்சினை இல்லை. மீட்டர் டாஷ்போர்டின் நடுவில் இருக்கும், அது மட்டும் கொஞ்ச நாள் எரிச்சலாக இருக்கும்.

மூன்றரை லட்சம் ஓடியதை மூன்றரை லட்சம் ஓடிய விலைக்குக் கொடுத்தால் எடுக்கலாம். எண்பதாயிரம் ஓடியது என்று சொல்லி எண்பதாயிரத்துக்கான விலை கேட்டால் டீ குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள். ஆனால் மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள்? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு டீசலே தேவையில்லை.

சென்னை வேளச்சேரியிலிருந்து:

எங்கள் ஏரியாக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் அனுபவம் ஜாஸ்தி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எங்கள் அப்பார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் கார்கள் முங்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன். அவற்றில் பல சுத்தம் செய்யப்பட்டு வெளியூருக்குப் போய்விட்டன. போன வருஷம் மைத்துனருக்காக வேலூரில் ஒரு வெர்னா பார்க்கப் போனோம். உள்ளே நறுமணம் ஆளைத் தூக்கியது. ஏசி வென்டில் ஒன்று, டாஷ்போர்டில் ஒன்று, பின் கண்ணாடி ஓரம் ஒன்று என்று மூன்று சென்ட் பாட்டில். எனக்கு அப்போதே சந்தேகம்.

முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவினேன். கைக்கு எட்டுகிற பாகம் வெளுப்பாக இருந்தது, உள்ளே சுருண்டு கிடந்த கடைசி முழத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு குறுக்கே போனது. தண்ணீர் நின்ற மட்டம். சீட்டைக் கழற்றித் துவைப்பார்கள், மிதியடி மாற்றுவார்கள், பெல்ட் கடைசிவரை உருவிக் கழுவுகிற பொறுமை பெரும்பாலும் யாருக்கும் இருப்பதில்லை. சீட்டுக்கு அடியில் அது நகர்கிற தண்டவாளத்தைத் தடவினால் விரலில் துரு. ஸ்டெப்னியைத் தூக்கினால் அதன் குழியிலும் மண். விற்பவர், "ஊட்டி வண்டி சார், அங்க ஈரம் ஜாஸ்தி" என்றார். நல்ல பதில்தான்!

வெள்ள வண்டி அன்றைக்கு ஓடும், அதுதான் ஆபத்து. ஆறு மாதம் கழித்து வயரிங் கனெக்டருக்குள் பச்சை பூத்து, இன்றைக்கு பவர் விண்டோ, நாளைக்கு ஏபிஎஸ் பிரேக் என்று ஒவ்வொன்றாகக் காலை வாரும். இன்னொன்றையும் பாருங்கள்: சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், யாரோ விளக்கின் வாயை அடைத்திருக்கிறார்கள்.

திருச்சிக்காரருக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். கடைசி இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி நோ கிளெய்ம் போனஸ் (பிரீமியத் தள்ளுபடி) எவ்வளவு என்று பாருங்கள். ஒருவரே வருஷக்கணக்கில் வைத்திருந்து கிளெய்ம் எதுவும் போடாத வண்டிக்கு அது படிப்படியாக ஏறி 50 சதவீதம் வரை போகும். "ஒரு கீறல் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு பாலிசியில் சைபர் இருந்தால், முந்தைய வருஷம் என்ன கிளெய்ம் என்று கேட்க வேண்டும். கைமாறிய முதல் வருஷத்திலும் சைபர்தான் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் விற்றவள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணன்கள் எல்லாரும் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறீர்கள், காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

என்னுடைய அமேஸை ஒரு புரோக்கர் மூலம் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். பணம் வந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன். அப்புறம் என் போனுக்கு சலான் வர ஆரம்பித்தது: அவிநாசியில் ஓவர்ஸ்பீடு என்று! ஆர்சி என் பெயரிலேயே இருந்துகொண்டு வண்டி கை மேல் கை மாறிக்கொண்டிருந்தது. சலானோடு போனால் பரவாயில்லை. விபத்து நடந்து நஷ்டஈட்டு வழக்கு வந்தால், ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரர் ஆர்டிஓ ஆபீஸுக்கும் புரோக்கர் வீட்டுக்கும் அலைந்துதான் பெயரை மாற்றவைத்தார்.

வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். விற்பவரும் ஆர்சியில் இருப்பவரும் ஒரே ஆளா? இல்லை என்றால் ஆர்சியில் இருப்பவரோடு போனிலாவது பேசாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கடன் இருந்திருந்தால், முடிந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. ஆட்சேபமில்லை என்ற பேங்க் என்ஓசியும் கடன் முடிந்ததற்கான ஃபார்ம் 35-ம் கைக்கு வர வேண்டும், ஆர்சியிலிருந்து ஹெச்பி (கடன் பதிவு) நீங்க வேண்டும். பாக்கி சலானை அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். பெயர் மாற்றிய கையோடு 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபருக்கான காப்பு தானாக உங்களுக்கு வந்துவிடும், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு அப்படி வராது.

டெல்லி நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே பத்து வருஷ டீசலுக்கும் பதினைந்து வருஷ பெட்ரோலுக்கும் கெடுபிடி வந்ததால் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். இங்கே கொண்டுவந்தால் என்ஓசி, மறுபதிவு, தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் என்று ஒவ்வொன்றாக வரும். மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

திருச்சியிலிருந்து:

மதுரை அண்ணே, மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டாது, டீசல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எட்டியோஸ்காரரிடம் போனில், "டி போர்டா இருந்ததா?" என்று மட்டும் கேட்டேன். "நேர்ல வாங்க பேசிக்கலாம்" என்றார். போகவில்லை.

சியாஸ்காரரிடம் பாலிசி கேட்டேன். வாட்ஸ்அப்பில் உடனே அனுப்பிவிட்டார்: போனஸ் 35 சதவீதம். ஃபெண்டர் பில்லின் தேதியோடு ஒத்துப்போகிறது. அன்று கிளெய்ம் போட்டுச் சைபரான போனஸ் மறுபடி ஏறி வந்திருக்கிறது. ஹெச்பி இல்லை, சலான் இல்லை. அவர் 5.60 கேட்கிறார், நான் 5.25-இல் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கோடு போகிறேன். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம், ஆறிய என்ஜினின் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கிளட்ச் கொஞ்சம் உயரத்தில் பிடிப்பதாக, அதாவது தேய்ந்திருப்பதாக, போன தடவை தோன்றியது. 1.4 சியாஸ் வைத்திருப்பவர்கள் கிளட்ச் செட் மாற்றக் கூலியோடு எவ்வளவு ஆனது என்று சொன்னால், அந்தத் தொகையை வைத்துத்தான் மிச்சப் பேரத்தை முடிக்க வேண்டும்.