கவுண்டி கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் கிராண்ட்: சிறிய தமிழ்ச் சங்கம் எப்படி விண்ணப்பிப்பது?

சங்கச்செயலர்:
வணக்கம். அமெரிக்காவில் இயங்கும் எங்கள் சங்கம் 501(சி)(3) எனும் வரிவிலக்கு அறநிறுவனப் பதிவு பெற்றது. ஆண்டு வரவு 46,000 டாலர் வாக்கில். பொங்கல், தீபாவளி டிக்கெட்டும் சந்தாவும்தான் வருமானம். பிள்ளைகளோடு இங்கே வசிக்கும் பெரியவர்களுக்கு வாரம் ஒருநாள் வகுப்பு நடத்த நினைக்கிறோம்: மருந்துச் சீட்டு படிப்பது, டேப்லெட் கணினியில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடுவது, பேருந்தில் தனியாகப் போவது. எங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) கம்யூனிட்டி ஃபவுண்டேஷன், அதாவது உள்ளூர் அறக்கட்டளை, 7,500 டாலர் வரை கிராண்ட் (மானியம்) தருகிறதாம். சிறிய சங்கங்கள் ஆண்டுதோறும் வரித் துறைக்கு அனுப்பும் 990-என் எனும் சுருக்க அறிக்கை மட்டும்தான் தாக்கல் செய்கிறோம், அது போதுமா? தேவை, பட்ஜெட் பகுதிகளில் என்ன எழுதுவது?

பேரேடு:
முதலில் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் துறை) தளத்தில் வரிவிலக்கு நிறுவனத் தேடலில் உங்கள் ஈ.ஐ.என். எனும் வரி அடையாள எண்ணைப் போட்டுப் பாருங்கள். 990 வகைப் படிவம் எதையும் தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். ஆண்டுதோறும் கமிட்டி மாறும் சங்கங்களில் "போன பொருளாளர் போட்டிருப்பார்" என்று இருந்தே இது நடக்கிறது. ஃபவுண்டேஷன் முதலில் பார்ப்பதும் அந்தப் பட்டியலைத்தான். ஜனவரி–டிசம்பர் கணக்கு என்றால் 990 தாக்கலுக்குக் கெடு மே 15.

990-என்னில் வரவு செலவுக் கணக்கே கிடையாது. ஆகவே அது செல்லுபடியானாலும் நிதி அறிக்கையின் இடத்தை நிரப்பாது. கடைசி இரண்டு ஆண்டு வரவு செலவு அறிக்கை, ஆண்டு முடிவின் இருப்புநிலை, கமிட்டி நிறைவேற்றிய நடப்பு ஆண்டு பட்ஜெட் மூன்றையும் தயார் செய்யுங்கள். ஐ.ஆர்.எஸ். அங்கீகாரக் கடிதம் தொலைந்திருந்தால் அவர்களிடமே உறுதிக் கடிதம் கேட்டு வாங்கலாம். பல மாநிலங்களில் நன்கொடை திரட்டத் தனிப் பதிவும் வேண்டும். அது காலாவதியாகியிருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று: 990-என் போடுவதற்கான 50,000 டாலர் வரம்பு மொத்த வரவுக்கு, செலவு கழித்த மிச்சத்துக்கு அல்ல. பொங்கல் சாப்பாட்டுச் செலவைக் கழித்துக் கணக்குக் காட்டுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மூன்றாண்டுச் சராசரியைப் பார்ப்பார்கள். 46,000, 48,000 என்று இருந்து, கிராண்டும் சேர்ந்து இந்த ஆண்டு 62,000 ஆனால் சராசரி 52,000. அப்போது அதைவிட விரிவான 990-ஈஇசட் படிவம் போட வேண்டும்.

மிச்சிகன் மீனாட்சி:
தேவைப் பகுதிக்கு வருகிறேன். "நமது தொன்மையான பண்பாட்டைக் காக்க" என்று ஆரம்பிக்காதீர்கள். பண்பாடு முக்கியமில்லை என்பதல்ல. இந்த ஃபவுண்டேஷன் தன் கவுண்டி மக்களுக்காகச் சேர்த்த பணத்தைத் தருகிறது. "இங்கே வாழும் 65 வயதுக்கு மேற்பட்ட இத்தனை பேர் ஆங்கிலம் சரளமாகத் தெரியாததால் மருத்துவரைத் தனியே பார்க்க முடிவதில்லை" என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய வாக்கியம். அந்த "இத்தனை"யைக் கையிலிருந்து போடாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் பி16001 அட்டவணை (வீட்டில் பேசும் மொழிகள் பற்றியது) தமிழைத் தனியாகக் காட்டும், ஆனால் வயது வாரியாகப் பிரிக்காது. சி16001 சுருக்கத்தில் தமிழ் தனியாக வராது. கூடவே உங்கள் உறுப்பினர்களை ஜிப் கோடு வாரியாக எண்ணுங்கள். பக்கத்துக் கவுண்டியிலிருந்து வருபவர்களைத் தனியே காட்டுங்கள். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்திருப்பவர்கள் வகுப்புக்கு வரலாம், ஆனால் குடியிருப்போர் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எழுதுவதற்கு முன் கிராண்ட் அதிகாரியிடம் இருபது நிமிடம் தொலைபேசியில் பேசிவிடுங்கள். தயங்க வேண்டாம், அது அவர்களின் வேலை. கேட்க வேண்டியவை: இந்தச் சுற்றில் முதியோர் திட்டம் பொருந்துமா, ஆசிரியர் சம்பளமும் கருவிகளும் அனுமதியா, முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு வழக்கமாக எவ்வளவு. வகுப்பு கோயில் கூடத்தில் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்; இடம் பரவாயில்லை, வழிபாட்டுக்குப் பணம் போகக்கூடாது என்பார்கள்.

சங்கச்செயலர்:
நன்றி மீனாட்சி அக்கா. 7,500 முழுவதையும் கேட்கலாமா?

வரவுசெலவு:
முழுதும் கேட்காதீர்கள் என்பேன். 36 வாரம், வாரம் 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை மணிக்கு 40 வீதம் 2,880. ஆசிரியர் மணிக்கு 35 வீதம் 2,520. டேப்லெட் ஆறு, 180 வீதம் 1,080. காப்பீடு 450, காபி பலகாரம் 900, அச்சு 300. ஆக 8,130; நிர்வாகச் செலவு பத்து சதவீதம் 813 சேர்த்தால் 8,943. ஃபவுண்டேஷனிடம் 6,000, குடும்பங்களின் பங்கு 2,000, சங்க நிதி 943 என்று காட்டுங்கள். வரவும் செலவும் டாலர் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். கிடைத்துவிட்ட பணம் எது, கிடைக்கும் என்று நம்புவது எது என்றும் குறியுங்கள்.

தன்னார்வலர் நேரத்தை ரொக்கத்தோடு கலக்காமல் தனிப் பத்தியில் போடுங்கள். 990 படிவத்தில் அதை வருமானமாகக் காட்டுவதில்லை. விண்ணப்பத்தில் வருமானமாகக் காட்டினால் இரண்டும் முரண்படும்.

மிச்சிகன் மீனாட்சி:
6,000 என்பதில் எனக்கு மறுப்பு உண்டு. அதிகாரி "முழுத் தொகையும் கேளுங்கள்" என்றால் கேட்டுவிடுங்கள். குறைத்துக் கேட்டு, பிறகு ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் திட்டம் பாதியில் நிற்பது அதைவிட மோசம்.

பேரேடு:
அறிவிப்பு வரும்முன் டேப்லெட் வாங்கிவிடாதீர்கள், பழைய செலவைத் திருப்பித் தரமாட்டார்கள். விண்ணப்பத் தளத்தின் கணக்கைச் செயலரின் சொந்த ஜிமெயிலில் திறக்காமல் சங்கத்தின் பொது மின்னஞ்சலில் திறவுங்கள். பதில்களை வேறு கோப்பில் எழுதி ஒட்டுங்கள். எழுத்து வரம்பில் இடைவெளியும் சேரும். கிராண்ட் காலம் பெரும்பாலும் பன்னிரண்டு மாதம், அதற்குள் உங்கள் கமிட்டி மாறிவிடும். இறுதி அறிக்கை யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதை இப்போதே கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். அறிக்கை தராத சங்கத்துக்கு அடுத்த சுற்றில் இடமில்லை. வருகைப் பதிவேடு, ரசீதுகள், தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து கேள்விக் கருத்துக்கணிப்பு: இந்த மூன்றையும் முதல் வகுப்பிலிருந்தே வைத்தால் அறிக்கை ஒரு மாலை வேலைதான்.