மூக்குக் கழுவும் போத்தலும் அயடின் சேராத உப்பும் கொழும்பில் எங்கே?

வணக்கம் உறவுகளே. பீனிசத்துக்கு மூக்குக் கழுவ, அமத்தினால் பீச்சுகிற 240 மில்லிலீற்றர் போத்தல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பார்மசிகளில் எங்கே கிடைக்கும்? அதைவிட அவசரம் உப்பு. கடை உப்பில் அயடின் சேர்ந்திருக்கும், சிலருக்கு எரியும்; அயடின் சேராத தூளுப்பு வேண்டும். அளவு லீற்றருக்கு 9 கிராம். போத்தலுக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, கூட ஒரு சிட்டிகை அப்பச்சோடா. உப்புக் குறைந்தாலும் எரியும், அதனால் வெறும் தண்ணீர் வேண்டாம். பைப் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. அரிதென்றாலும், அதில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கால் ஏறினால் மூளையைத் தாக்கும். கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆற்றியே பாவியுங்கோ. கழுவியதும் பலமாகச் சிந்தினால் காது அடைக்கும், மெதுவாகச் சிந்தவும். கண்ட கடையையும் விலையையும் தயவுசெய்து எழுதுங்கோ.