கோரிடோரஸ் கெளுத்தி நாள் முழுக்க ஃபில்டருக்குப் பின்னாலேயே ஒளிந்து நிற்கிறது, குகை வைத்தால் வெளியே வருமா?

கண்ணாடித்தொட்டி:
வணக்கம் நண்பர்களே. இரண்டரை அடி தொட்டி, சுமார் 90 லிட்டர். எட்டு நியான் டெட்ரா, இரண்டு வெண்கல கோரிடோரஸ். கோரி முதலில் மூன்று வாங்கினேன், ஒன்று முதல் மாதமே போய்விட்டது. மீதி இரண்டும் ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் போய் நின்றுகொண்டு விளக்கை அணைக்கும்வரை அசைவதே இல்லை. பயந்த மீனுக்கு ஒளிய இடம் வேண்டும் என்று பீங்கான் கோட்டை ஒன்று வைத்தேன், அதற்குள் ஒரு நாள்கூடப் போகவில்லை. இன்னும் பெரிய குகை வைக்க வேண்டுமா? கீழே கலர் ஜல்லி போட்டிருக்கிறேன். அப்புறம், அவ்வப்போது ஒன்று விருட்டென்று மேலே போய் காற்றைக் குடித்துவிட்டு இறங்குகிறது, பார்த்தாலே பயமாக இருக்கிறது. துணைக்கு ஒரு பிரிஸில்நோஸ் பிளெக்கோ விடலாமா? அதுவும் கெளுத்திதானே.

மணலும்_மீசையும்:
குகையை விடுங்கள், உங்கள் தொட்டியில் குறைவது கோரிதான். இவை கூட்டமாக வாழ்கிற மீன்கள். ஆற்றில் கூட்டம் கூட்டமாகத் திரிந்து மணலைக் கிளறித் தின்னும். பக்கத்தில் தன் இனம் நாலைந்து இருந்தால்தான் அதற்குத் தைரியம் வரும், இரண்டே இரண்டு என்றால் இடுக்கைத் தேடத்தான் செய்யும். குறைந்தது ஆறு வேண்டும், எட்டு இருந்தால் இன்னும் நல்லது. டெட்ரா எத்தனை இருந்தாலும் அந்தக் கணக்கில் வராது.

ஆனால் இன்றைக்கே போய் வாங்கிவராதீர்கள். முதலில் அந்த ஜல்லியைப் பாருங்கள். கோரி முகத்தை மணலுக்குள் புதைத்து, வாயில் அள்ளி, செவுள் வழியாக மணலை வெளியே விட்டபடியே சாப்பிடும். கூரான ஜல்லியில் அதைச் செய்யவே முடியாது, கூடவே அடியில் அழுக்கும் தங்கிவிட்டால் மீசை தேய்ந்து புண்ணாகும். டார்ச் அடித்து மீசையைப் பாருங்கள். முனை மழுங்கியோ ஒரு பக்கம் குட்டையாகவோ இருந்தால் ஜல்லி உடனே போக வேண்டும். நல்ல பாக்டீரியா அதிலும் குடியிருப்பதால் ஒரே நாளில் மொத்தத்தையும் அள்ளாமல், வாரம் ஒரு பகுதியாக எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவிய மெல்லிய மணலைப் போடுங்கள்.

காற்றுக் குடிப்பதற்குப் பயப்பட வேண்டாம். விழுங்குகிற காற்றிலிருந்து குடல் வழியாகவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உடம்பு அதற்கு. எப்போதாவது ஒரு தடவை என்றால் இயல்பு. நிமிடத்துக்கு நாலு தடவை மேலே ஓடினால்தான் தண்ணீரைச் சோதித்து, காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

சிரட்டைக்குகை:
பிரிஸில்நோஸ் பற்றி நான் சொல்கிறேன், நாலு வருடமாக வளர்க்கிறேன். கோரிக்கும் அதற்கும் சண்டை வராது, ஆனால் "துணை" என்று நினைத்து விடாதீர்கள். அது தனிக்காட்டு ராஜா. கோட்டை, குகை எல்லாம் உண்மையில் கேட்பது இந்த மீன்தான். உடம்பு நுழைகிற அளவு வாய், மறுபக்கம் அடைப்பு, இருட்டு, இவ்வளவு இருந்தால் போதும். மண்குழாய், தேங்காய்ச் சிரட்டை, விளிம்பைத் தேய்த்து மழுக்கிய பிவிசி பைப் எதுவானாலும் சரி. ஆண் உள்ளே போய் வாலை வாசல் பக்கம் வைத்துப் படுத்துவிட்டால் வேறு எதையும் விடாது. முட்டையைக் காப்பதும் ஆண்தான், உள்ளேயே இருந்து துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். அதனால் உங்கள் தொட்டிக்கு ஓர் ஆண் போதும், கூட ஒரு மரக்கட்டையும் போடுங்கள், அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். 12 செ.மீ. வரை வளரும், கழிவும் அதிகம், கோரிகளைச் சேர்த்து முடித்த பிறகு இடம் இருக்கிறதா என்று யோசியுங்கள்.

அந்தப் பீங்கான் கோட்டையில் சின்னச் சின்ன ஜன்னல் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பிளெக்கோ இதே மாதிரிப் பொம்மையின் ஜன்னலில் பாதி உடம்போடு மாட்டி, செவுளுக்குப் பின்னால் இருக்கிற முள் விரிந்து, முன்னாலும் போக முடியவில்லை பின்னாலும் வர முடியவில்லை. பொம்மையைத் தண்ணீருக்கு உள்ளேயே வைத்து இடுக்கியால் துண்டு துண்டாக உடைத்துத்தான் எடுத்தேன். மீன் பிழைத்துக்கொண்டது, ஒரு பக்கத் துடுப்பு மட்டும் முன்போல முழுதாக வளரவில்லை.

கண்ணாடித்தொட்டி:
ரொம்ப நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றுக்கு இடது பக்க மீசை பாதிதான் இருக்கிறது. இத்தனை நாள் கவனிக்கவே இல்லை என்று மனசு கஷ்டமாக இருக்கிறது. அது மறுபடி வளருமா? புதிதாக வாங்கும் நாலில் இரண்டு பாண்டா கோரி எடுத்தால் கூட்டமாகச் சேருமா?

மணலும்_மீசையும்:
அடி சுத்தமாக இருந்து, மணலும் மாறிவிட்டால் பெரும்பாலும் வளரும், அடிவேர் வரை போயிருந்தால்தான் கஷ்டம். பாண்டா வேண்டாம். ஒரே தொட்டியில் சண்டையில்லாமல் இருக்கும், ஆனால் படுக்கும்போது அது அதன் இனத்தோடுதான் ஒட்டிப் படுக்கும், பாண்டா இரண்டும் உங்கள் பழைய இரண்டைப் போலவே தனித்துப் போகும். நாலும் வெண்கலமே எடுங்கள். வந்ததும் இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். வலையில் பிடிக்காதீர்கள், துடுப்பு முள் வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும், டப்பாவால் மொண்டு விடுங்கள்.

ஒளிய இடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அகல இலை அனுபியாஸ் செடி இரண்டு மூன்றை மரக்கட்டையில் கட்டி ஒரு மூலையில் நிழல் கொடுங்கள், முன்பக்கம் மணல் திறந்தே இருக்கட்டும். மூழ்கும் தீனியை விளக்கணைத்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் டெட்ரா முந்திக்கொள்ளும்.

கண்ணாடித்தொட்டி:
கோட்டையை எடுத்துவிட்டேன், ஜன்னல் இருந்தது. இடது மூலையில் கால்வாசி ஜல்லியை அள்ளிவிட்டு மணல் போட்டாயிற்று. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன், மீசை போனதுதான் முதலில் வந்தது, கண் வரைக்கும் மணலில் புதைத்துக்கொண்டு கிளறுகிறது, செவுளிலிருந்து மணல் புகைபோல வருகிறது. பிளெக்கோ இப்போதைக்கு வேண்டாம்.