கல்நார்த் தூசியும் இழப்பீட்டு மனுவும்: எங்கள் வீட்டில் நடந்தது, உங்கள் வீட்டில்?

அட்டைக் கம்பெனிக்காரர் மகன்

அப்பா ஆஸ்பெஸ்டாஸ் அட்டை செய்யும் கம்பெனியில் 19 வருடம் ஒப்பந்தக் கூலி. கல்நார் (அதுதான் ஆஸ்பெஸ்டாஸ்) மூட்டையைக் கிழித்துக் கலவை இயந்திரத்தில் கொட்டும் வேலை. சாயங்காலம் புருவம்வரை வெள்ளையாக வருவார். வாசலில் துண்டை உதறிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அந்தத் துண்டைத் துவைத்தது அம்மா.

2009 கடைசியில் வேலையை விட்டார். அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஊர் டாக்டர் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார். சளியில் கிருமி ஒரு தடவைகூட அகப்படவில்லை, ஆனாலும் மாத்திரை நிற்கவில்லை. 2013இல் ஒரு நெஞ்சு டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ், அதாவது கல்நார்த் தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய் என்று எழுதிக் கொடுத்தார்.

ஈ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீடு இல்லாததால், அப்போது (2025 நவம்பர் வரை) நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போட்டோம். 'இவர் எங்கள் ஆளே இல்லை, காண்டிராக்டரைக் கேளுங்கள்' என்றது கம்பெனி. அது எடுபடவில்லை. அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வேலை வாங்கிய முதலாளியைத்தான் முதலில் பிடித்தது. அடுத்த வாதத்தில்தான் மாட்டிக்கொண்டோம். வேலையை விட்ட இரண்டு வருடத்துக்குள் நோயின் அறிகுறி தெரிந்திருக்க வேண்டுமாம். பத்து இருபது வருடம் நெஞ்சுக்குள் கிடந்துவிட்டு வெளியே வரும் நோய்க்கு இரண்டு வருடம்! அதை எழுதியவர் அட்டைக் கம்பெனி வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்.

வீட்டைக் கவிழ்த்துத் தேடினோம். ரேஷன் கார்டு உறைக்குள் அம்மா மடித்து வைத்திருந்த பெரியாஸ்பத்திரி ஓ.பி. சீட்டு கிடைத்தது. 2010 டிசம்பர். 'வறட்டு இருமல், நடந்தால் மூச்சிரைப்பு' என்று டாக்டர் எழுதியிருந்தார். வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "இனி பேசலாம்" என்றார். ஜெயித்தோம். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி சேர்ந்த பிறகுதான் அது பணமாகத் தெரிந்தது. மேல்முறையீடு போவதென்றால் தீர்ப்புத் தொகையை முதலில் ஆணையரிடம் கட்ட வேண்டியிருந்தது. கம்பெனி போகவில்லை.

பழைய யூனியன் ஆள்

தம்பி, எல்லார் வீட்டிலும் சீட்டு இருக்காது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை கம்பெனி வைத்திருக்க வேண்டும். அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் நோய் என்று உறுதி செய்தால் ஆளுக்கு 1 லட்சம் கொடுக்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான். எங்கள் ஆள் ஒருவருக்காகப் பதிவேட்டை எழுத்தில் கேட்டோம். கரையான் அரித்துவிட்டது என்று எழுத்திலேயே பதில் வந்தது. அந்தப் பதிலையே மனுவோடு இணைத்துவிட்டோம்.

இன்னொன்று. ஆள் இறந்துவிட்டால் கம்பெனி ஆள் வீடு தேடி வந்து பணம் நீட்டுவார். தம்பி சொன்ன 1923 சட்டத்தில் இறப்பு இழப்பீடு ஆணையர் வழியாகத்தான் வர வேண்டும் என்று இருந்தது. 'முழுத் தீர்வு' என்று எதிலும் கைநாட்டு வைக்காதீர்கள்.

மருமகள்

அண்ணா, எங்கள் மாமனார் நிரந்தரத் தொழிலாளி, ஈ.எஸ்.ஐ. இருந்தது. அது இருந்தால் ஆணையரிடம் போக முடியாது, ஊனம் எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் குழு முன்னால்தான் உட்கார வேண்டும். முதல் தடவை 20 சதவீத ஊனம் என்றார்கள். கழிப்பறைக்கு நடந்தால் உட்கார்ந்துவிடும் மனிதருக்கு 20! அப்பீல் போய் 40 ஆனது. மாதாமாதம் கொஞ்சம் வந்தது.

போன வருடம் இறந்தார். இறப்புச் சான்றில் 'மாரடைப்பு' என்று மட்டும் எழுதிவிட்டார்கள். எங்களுக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது அத்தைக்குச் சார்ந்தோர் உதவித்தொகை கேட்டால், நோயால்தான் இறந்தார் என்று நிரூபி என்கிறார்கள். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. பழைய ஸ்கேன் குறுந்தகடு ஒன்றுதான் கையில். அது போதுமா ஐயா?

பழைய யூனியன் ஆள்

போதாது என்று விட்டுவிடாதேம்மா. கடைசி ஆறு மாத ஆஸ்பத்திரிக் கோப்பு முழுவதையும் நகல் கேள். ஆக்சிஜன் வைத்த தேதிகள் அதில் இருக்கும்.

அட்டைக் கம்பெனிக்காரர் மகன்

நன்றி ஐயா. எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். அம்மாவுக்கு இப்போது இருமல். திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தோம், முடிவு இன்னும் வரவில்லை. அவர் கம்பெனியில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை, துண்டு துவைத்ததோடு சரி. அப்படிப்பட்டவருக்கு எங்கே மனுப் போடுவது? யாராவது போட்டிருக்கிறீர்களா?