அமெரிக்காவுல ஐஸ் (ICE, குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்துற துறை) ஆபீசர் வீட்டுக்குள்ள வர எந்த வாரண்ட் வேணும்?

டல்லாஸ்குமார்:
நாட்டை விட்டுப் போன்னு ஃபைனல் ஆர்டர் போட்டாச்சு, அப்புறமும் ஒருத்தன் கதவைப் பூட்டிட்டு உள்ள உக்காந்துப்பான், ஐஸ் காரங்க வாசல்ல நின்னு கெஞ்சணுமா? கையில வாரண்ட் இருக்குல்ல?

வாசற்படி:
எந்த வாரண்ட் அண்ணே? ஐ-200ங்குற கைது வாரண்ட், ஐ-205ங்குற நாடுகடத்தல் வாரண்ட், ரெண்டுலயும் கையெழுத்து போடுறது அவங்க டிபார்ட்மெண்ட் ஆபீசரே. ரோட்டுல பாத்தா பிடிக்கலாம், வீட்டுக்குள்ள புக அது பத்தாது. 1980 பேட்டன் தீர்ப்புல கொலைக் கேஸ்ல தேடின ஆளையே ஜட்ஜ் வாரண்ட் இல்லாம வீடு புகுந்து பிடிச்சது தப்புன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, விசா முடிஞ்சவனுக்கு மட்டும் கதவை உடைக்கலாமாக்கும்.

டல்லாஸ்குமார்:
அது கிரிமினல், இது சிவில், ரெண்டையும் கலக்காதீங்க. 1960ல ஏபெல் கேஸ், சோவியத் உளவாளியை ஓட்டல் ரூம்ல வெச்சு இமிக்ரேஷன் வாரண்ட்லதான் தூக்கினாங்க, கோர்ட் தண்டனையை ரத்து பண்ணலையே. ஃபைனல் ஆர்டர் போடுறவரும் ஜட்ஜ் தானே.

வாசற்படி:
இமிக்ரேஷன் ஜட்ஜ் அட்டார்னி ஜெனரலுக்குக் கீழ வேலை பாக்குறவரு, தனி நீதிபதி இல்ல. ஏபெல்ல அந்த வாரண்ட் செல்லுமாங்குற வாதத்தை கீழ் கோர்ட்லயே கைவிட்டுட்டாங்க. சிவில்னா? 1967ல வீட்டை இன்ஸ்பெக்‌ஷன் பண்ண வர்ற கார்ப்பரேஷன் ஆளுக்கே வாரண்ட் வேணும்னுட்டாங்க. 2025 மே மாசம் ஐஸ் தலைமை ஒரு மெமோ போட்டு ஐ-205 இருந்தாலே கதவை உடைக்கலாம்னுச்சு, 2026 ஜனவரில மினியாபொலிஸ்ல அப்படிப் பூந்ததை ஃபெடரல் ஜட்ஜ் அரசியலமைப்போட நாலாவது திருத்தத்துக்கு (நியாயமில்லாத சோதனை, கைதுக்குத் தடை) விரோதம்னு சொன்னாரு.

மீனா_நியூஜெர்சி:
ரெண்டு பேரும் கேஸ் கேஸா அடிச்சுக்கறீங்க, நடக்கறது வேற. போலீஸ்னு சொல்லித் தட்டுவாங்க, உள்ளேர்ந்து யாராவது பயந்து வாங்கன்னுட்டா அதை கன்சென்ட்னு, அதாவது சம்மதம்னு எடுத்துக்குவாங்க. சட்டவிரோதமா உள்ள வந்தாலும் கிடைச்ச ஆதாரத்தை நாடுகடத்தல் கேஸ்ல பொதுவா தூக்கிப் போட மாட்டாங்க, 1984 லோபஸ் மெண்டோசா தீர்ப்பு, ரொம்ப அராஜகமா நடந்தாதான் விதிவிலக்கு. உங்க வீட்ல தங்காத வேற ஆளைத் தேடி வந்தாங்கன்னா இன்னும் சிக்கல், உங்க வீட்டைத் தேட தனி சர்ச் வாரண்ட் வேணும்னு 1981லயே தீர்ப்பு இருக்கு, அதை எத்தனை பேரு கேக்கறாங்க? கதவைத் திறக்காம, பேப்பரை கதவுக்கு அடியில தள்ளுங்க, ஜட்ஜ் கையெழுத்து இருக்கான்னு பாக்கறேன்னு சொல்லுங்க, அவ்ளோதான்.

டல்லாஸ்குமார்:
சரிங்க, வெறும் நாடுகடத்தலுக்காக வீட்டுக்குள்ள போக கோர்ட் வாரண்ட் கேக்க தெளிவான சட்ட வழி எங்க இருக்கு? இல்லாததைக் கொண்டான்னா எப்படி?

வாசற்படி:
வழி இல்லேன்னா காங்கிரஸ் கிட்ட போய் சட்டம் கேக்கட்டும் அண்ணே, கதவு என்ன பண்ணுச்சு?