நூலகவியல் படிக்கலாமா? தமிழ் படித்த ஒருவரின் ஐயம்

வந்தவாசி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். அடுத்து ஓராண்டு நூலகவியல் இளநிலைப் படிப்பில் சேரலாமா என்று சில மாதங்களாக யோசித்து வருகிறேன். கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது நூலகத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாடத்திட்டத்தைப் புரட்டினால், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் பகுப்பாக்கமும் நூல் விவரங்களைப் பதியும் பட்டியலாக்கமும்தான் பெரும்பகுதி. கேட்ட நொடியில் செயற்கை நுண்ணறிவு விடை சொல்லும் காலத்தில், ஒரு நூலுக்கு எண் அமைக்கக் கற்பதால் என்ன பயன்? வேலை எங்கே, எந்த நிலையில் கிடைக்கிறது? இத்துறையில் இருப்பவர்கள் மறைக்காமல் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கிளை நூலகர்:

வணக்கம் அம்மா. இந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றபோது, பேசுவதற்குக்கூட ஆளில்லாத அந்த அறையில் இருப்புக்கொள்ளாமல் சில நாள்களிலேயே வகுப்பறைக்குத் திரும்பிவிட விரும்பினார். லண்டனுக்குச் சென்று பயின்று வந்த பிறகுதான் மனம் மாறியது. அவர் முன்னின்று வளர்த்த சென்னை நூலகச் சங்கம் 1929இல் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது; சுதந்திர இந்தியாவின் முதல் பொதுநூலகச் சட்டமும் 1948இல் இங்கேதான் வந்தது.

அந்தச் சட்டத்தின் பயனை நான் முப்பது ஆண்டுகள் நேரில் பார்த்தேன். நம் மாநிலத்தில் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்வதால், சிற்றூர்க் கிளைக்கும் ஒரு நிலையான வருவாய்க்கு வழி இருக்கிறது. யார் வருவார்கள் என்று வீட்டில் கேட்டால், காலை எட்டு மணிக்கு எந்தக் கிளை நூலக வாசலுக்காவது அவர்களை அழைத்துச் செல்லுங்கள். நாளிதழுக்காகக் காத்திருக்கும் பெரியவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்க இடம் பிடிக்கும் இளைஞர்களும் நிற்பார்கள். அரசு நூலகப் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்தி ஆள் எடுக்கிறது. ஆனால் அறிவிப்பு ஆண்டுதோறும் வரும் என்று எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். அப்படிக் காத்திருந்தே வயதைத் தொலைத்தவர்களை அறிவேன்.

பொறியியல் கல்லூரி நூலகர்:

ஐயா சொன்னது பொதுநூலகத்தின் நிலை. கல்லூரியின் நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி கல்லூரி நூலகராவதற்கு நூலகவியல் முதுகலையில் 55 விழுக்காடும், அதோடு தேசிய (நெட்) அல்லது மாநிலத் (செட்) தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். ஆகவே ஓராண்டு இளநிலையோடு நிறுத்துவதாக இருந்தால் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. தனியார் கல்லூரிகளில் ஊதியம் பெரும்பாலும் தொகுப்பூதியம். நான் முதலில் பணியாற்றிய கல்லூரியில் நூலகரையே தேர்வு அறைக் கண்காணிப்புக்கும் சேர்க்கைப் பிரசாரத்துக்கும் அனுப்பினார்கள். அந்த நாள்களில் நூலகம் பூட்டிக் கிடந்தது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்ற பருவத்தில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் செயற்கை நுண்ணறிவு கொடுத்த ஒன்பது கட்டுரைகளின் பட்டியலோடு வந்து, எதுவுமே கிடைக்கவில்லை என்றார். இருவரும் அமர்ந்து ஒவ்வொன்றாகத் தேடினோம். ஆய்விதழ்கள் உண்மையானவை, ஆசிரியர்களில் சிலரும் அத்துறையில் எழுதுபவர்களே. ஆனால் குறித்திருந்த தொகுதியில் அந்தப் பக்க எண்ணில் வேறொரு கட்டுரை இருந்தது. ஒன்பதில் நான்கு எந்த இதழிலும் வெளிவராதவை, உரையாடு மென்பொருள் தானாகக் கோத்துக் கொடுத்தவை. தொகுதி, இதழ் எண், பக்கம் ஆகியவற்றை வைத்து ஒரு கட்டுரை இருக்கிறதா இல்லையா என்று கண்டறிவது, வாசகர் கேட்பதைத் தேடித் தரும் எங்கள் பழைய குறிப்புதவிப் பணிதான். முன்னைவிட இப்போது அதற்குத்தான் என்னைத் தேடி வருகிறார்கள்.

இதழ்ச் சந்தாவின் நிலையும் மாறுகிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. அங்கே எதை வாங்குவது என்ற பழைய கவலை பெருமளவு குறைந்து, வந்து குவிந்திருப்பதை மாணவர் பயன்படுத்தச் செய்வது எப்படி என்பதே வேலையாகிவிட்டது. எங்களைப் போன்ற தனியார் கல்லூரிகளோ இன்னும் பதிப்பகங்களோடு பேரம் பேசிக்கொண்டிருக்கின்றன.

மின்னூலகப் பட்டியலாளர்:

தமிழ் படித்தவர் என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். இந்தத் துறையில் தமிழ் தெரிந்த பட்டியலாளருக்குப் பஞ்சம் இருக்கிறது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து ஆவணங்களுக்கான ‘நூலகம்’ என்ற நிறுவனம் ஆகியவை பழைய தமிழ் அச்சு நூல்களை இலட்சக்கணக்கான பக்கங்களாக மின்னுருவாக்கி வருகின்றன. பக்கத்தைப் படமெடுக்க இயந்திரம் போதும். படத்துக்குப் பின்னால் இருக்கும் விவரத்தை எழுதுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு நூலின் முகப்பில் ‘சர்வசித்து வருஷம்’ என்று மட்டும் இருந்தது. ஆங்கில ஆண்டு இல்லை. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1827, 1887, 1947 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அச்சகம் தமிழர் ஒருவருடையது. இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் 1835இல்தான் தளர்ந்தன என்பதால் 1827 பொருந்தாது. சந்தி பிரிக்காமல் நீளும் வரிகளும் எழுத்துருவும் 1947ஆக இருக்க முடியாது என்று காட்டின. தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால் 1887-88 என்று பதிந்தேன். இதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. அதை 1947 என்று பதிந்திருந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சைத் தேடும் ஆய்வாளர் கண்ணில் அந்நூல் படவே படாது.

பெயர்ச் சிக்கல் இதைவிடப் பெரிது. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று மூன்று விதமாகப் பதிந்திருந்தால் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். ஒருவரே என்று இணைத்து வைப்பது நம் வேலை. பாடத்திட்டத்தில் உங்களுக்குச் சலிப்பூட்டிய பட்டியலாக்கம் இதுதான்.

வந்தவாசி வாசகி:

மூவருக்கும் நன்றி. முதுகலை வரை தொடர்வது என்ற எண்ணத்தோடுதான் இனி விண்ணப்பிப்பேன். வகுப்பு தொடங்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் நானாகவே ஏதாவது பழகிப் பார்க்க முடியுமா?

மின்னூலகப் பட்டியலாளர்:

முடியும். நியூசிலாந்தில் உருவாகி 2000இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்ற நூலக மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நம் கல்லூரிகள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. மடிக்கணினியில் நிறுவி, உங்கள் வீட்டு அலமாரியிலுள்ள நூறு நூல்களை மார்க் 21 முறையில், அதாவது ஒவ்வொரு விவரத்தையும் அதற்குரிய எண்ணிட்ட புலத்தில் இடும் முறையில், பதியுங்கள். ஆசிரியர் பெயர் 100ஆம் புலம், தலைப்பு 245ஆம் புலம் என்று தொடங்கினால் பத்து நூலுக்குள் கை பழகிவிடும். ஆசிரியர் பெயரின் தலைப்பெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, உரையாசிரியரை எங்கே சேர்ப்பது என்ற கேள்விகள் தாமாகவே எழும். அவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்து வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கிளை நூலகர்:

நோட்டில் எழுதும் கேள்விகளை இங்கேயும் கேளுங்கள் அம்மா. உரையாசிரியர் விஷயத்தில் நாங்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.